பேய்க்குக் கொடுத்த மோர்

சினிமாப் பேய்களைப் பார்த்தால் எனக்குப் பயம் வராது, பொறாமைதான் வரும். கொளுத்திப் போட்டாலும் சரி, பாழுங்கிணற்றில் தள்ளி மூடினாலும் சரி, இடைவேளை முடிவதற்குள் எழுந்து வந்துவிடும். அப்புறம் தன்னைக் கெடுத்தவர்களை ஒவ்வொருத்தராகத் தேடிப்போய்க் கழுத்தைப் பிடிக்கும். போகிற வழியில் யாரும் அதை நிறுத்தி, "எந்தத் தெருடா நீ?" என்று கேட்பதில்லை. செத்தவனுக்கு இருக்கிற சுதந்திரம் உயிரோடு இருக்கிற எனக்கு இல்லையே என்று வயிறு எரியும்.

எண்பத்து மூன்றாம் வருஷம் நான் வாடிப்பட்டிப் பக்கம் ஒரு டூரிங் டாக்கீஸில் போஸ்டர் ஒட்டுகிற வேலையில் இருந்தேன். பெயர் வீரணன், வயது இருபத்து நாலு. எங்கள் ஊர் அங்கிருந்து மூன்று மைல். ஊருக்குள் மேலத்தெரு என்று ஒன்று உண்டு. காரை வீடுகளும் மாட்டுத் தொழுவங்களுமாக நீளமான தெரு. அதைத் தாண்டினால் எங்கள் காலனி. காலனிக்காரர்கள் அந்தத் தெருவில் செருப்புப் போட்டு நடக்கக் கூடாது, சைக்கிளில் ஏறக் கூடாது. எங்கும் எழுதி வைக்கவில்லை, ஆனால் எல்லோருக்கும் மனப்பாடம்.

என் அண்ணன் சங்கிலி முன்பு கப்பலூரில் ஒரு பட்டறையில் லேத் ஓட்டினான். சனிக்கிழமைதோறும் பஸ் பிடித்து ஊருக்கு வருவான். ஆறு வருஷத்துக்கு முன்னால் ஒரு மழை நாளில், நாங்கள் வழக்கமாக நடக்கிற வாய்க்கால் கரைப் பாதை முழுகிக் கிடந்ததால் மேலத்தெரு வழியாக, புதுச் செருப்போடு வந்துவிட்டான். பெரிய வீட்டுக்காரர் வாசலில் நின்றிருந்தார். அவர் பெயரைச் சொல்லக் கூடாது என்று சின்ன வயதிலேயே எங்களைப் பழக்கியிருந்தார்கள். இப்போது சொல்ல எனக்கே இஷ்டமில்லை. செருப்பைக் கழற்றித் தலையில் வைத்துக்கொண்டு தெருக்கடைசி வரை நடக்கச் சொன்னார். அண்ணன் நடந்தான். பாதி வழியில் ஒரு செருப்பு நழுவி விழுந்தது. அதற்காகத் தடிக்கம்பால் அவன் வலது முழங்காலில் அடித்தார்.

அந்த முழங்கால் அப்புறம் மடங்கவில்லை. லேத்துக்கு முன்னால் எட்டு மணி நேரம் நிற்க முடியாதவனைப் பட்டறையில் வைத்துக்கொள்ளவில்லை. அண்ணன் ஆடு மேய்க்கப் போனான். நடந்ததைப் பற்றி ஒரு வார்த்தை பேச மாட்டான், மேலத்தெருப் பக்கம் தலை வைத்தும் படுக்க மாட்டான். அவன் பேசாததெல்லாம் என் நெஞ்சில் கிடந்து கொதித்தது. பெரிய வீட்டுக்காரர் சாக வேண்டும், அதுவும் என் கையால் சாக வேண்டும். தினமும் இதை நினைத்துக்கொண்டுதான் போஸ்டருக்குப் பசை காய்ச்சினேன்.

அந்தச் சமயத்தில் டாக்கீஸுக்கு ஒரு பேய்ப் படம் வந்தது. ஒரு ஜமீன்தார் தன் பங்களாக் காவல்காரனை உயிரோடு கொளுத்துகிறான். காவல்காரன் பாதி முகம் வெந்து தொங்க எழுந்து வந்து, அந்த வம்சத்தையே நெரித்துக் கொல்கிறான். மதுரையில் ஓடியபோதே மூன்று தடவை பார்த்திருந்தேன். எங்கள் மேனேஜர் பஞ்சாபகேசன் மதுரைக்காரர், விளம்பரப் பைத்தியம். அந்தப் பேயின் முகத்தைக் காகிதக் கூழில் செய்யச் சொல்லி, சணலில் முடி ஒட்டி, கறுப்பு அங்கியும் முழங்கால் வரைக்கும் ரப்பர் பூட்ஸும் வாங்கி வைத்திருந்தார். டாக்கீஸில் உயரமானவன் நான்தான்.

"மைக் வண்டிக்கு முன்னாடி நடந்து போ. பொம்மனாட்டிகள்லாம் கத்தணும், கொழந்தைகள் ஓடணும். ஆனா வாயத் திறக்கப்படாது. பேய் பேசித்துன்னா ஒரு டிக்கெட் விக்காது" என்றார்.

முகத்தை மாட்டிக்கொண்டு குனிந்து காலைப் பார்த்தேன். அந்த பூட்ஸைப் பார்த்தவுடனே எந்தத் தெருவுக்குப் போவது என்று முடிவாகிவிட்டது.

வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு மாட்டு வண்டி கிளம்பியது. வண்டியில் பால்பாண்டி மைக்கோடு உட்கார்ந்து ரோஸ் கலர் நோட்டீஸ்களை வீசிக்கொண்டே வந்தான். "சென்னையிலிருந்து நேரில் வந்திருக்கிறது! படத்தில் நடித்த அதே பேய்!" என்று வாய் கூசாமல் புளுகினான். எங்கள் ஊருக்குப் பிரிகிற விலக்கு வந்ததும் நான் வண்டியின் நுகத்தைப் பிடித்து மேலத்தெருவுக்குத் திருப்பினேன். பால்பாண்டி மைக்கைக் கையால் பொத்திக்கொண்டான்.

"மாப்ள, வேணாம்டா. நீ யாருன்னு தெரிஞ்சா தோல உரிச்சிருவாய்ங்க."

"இம்புட்டு நாள்ல எவன்டா எம் மூஞ்சியப் பாத்திருக்கான்? விடு வண்டிய."

தெருவுக்குள் போனேன். பூட்ஸ் சத்தம் எனக்கே கேட்டது. பிள்ளைகள் அலறிக்கொண்டு வீட்டுக்குள் ஓடின. ஒரு பெண் தண்ணீர்க் குடத்தைக் கீழே போட்டுவிட்டாள். கொஞ்ச நேரத்தில் பயம் தெளிந்து தெருவே என் பின்னால் சிரித்துக்கொண்டு வந்தது. நான் யாரையும் பார்க்கவில்லை. பெரிய வீட்டு வாசலில் அவர் நின்றிருந்தார். இரண்டு கைகளையும் நீட்டிக்கொண்டு நேராகப் போய் அவர் கழுத்தைப் பிடித்தேன். விளையாட்டுக்குப் பிடிக்கவில்லை. என் கட்டை விரல்கள் அவருடைய குரல்வளையில் இருந்தன.

அவர் "ஐயோ" என்று கதவில் சாய்ந்தார். அடுத்த நொடி விழுந்து விழுந்து சிரிக்க ஆரம்பித்தார்.

"அடேயப்பா, அசலா அப்பிடியே இருக்கு! மதுரையில குடும்பத்தோட போயிப் பாத்தோம் தம்பி. அந்த ஜமீன்தார்ப் பயல நீங்க நெரிச்சீங்க பாருங்க, நான் கை தட்டிட்டேன். ஒரு ஏழைய அந்தப் பாடு படுத்துனவன விடலாமா? உள்ள வாங்க தம்பி, வெயில்ல வந்திருக்கீங்க."

என் கை தானாக இறங்கிவிட்டது. இந்த மனுஷன் கொட்டகையில் உட்கார்ந்து காவல்காரன் பக்கம் நின்று கை தட்டியிருக்கிறார்! வீட்டுக்கு வந்து அன்றைக்கும் நன்றாகத்தான் தூங்கியிருப்பார். எனக்கு வந்த ஆத்திரத்தில் சிரிப்பும் சேர்ந்து வந்தது. நிலைப்படியைத் தாண்டி பூட்ஸ் காலோடு உள்ளே போனேன். நாற்காலி போட்டார்கள். அவர் மனைவி வெள்ளி டம்ளரில் மோர் கொண்டு வந்தார். எங்கள் ஆட்களுக்கு அந்த வீட்டில் தொழுவத்துப் பக்கமாக நிற்க வைத்து, குவித்த கையில்தான் ஊற்றுவார்கள்.

முகமூடியின் வாய் ஓட்டை வழியாகக் குடித்தேன். பாதி கழுத்தில் வழிந்தது.

"மூஞ்சியக் கழட்டிட்டு நிம்மதியாக் குடிங்க தம்பி" என்றார் அந்த அம்மா.

இப்போது நெரித்தால் பெரிய வீட்டுக்காரரைக் கொன்றது ஒரு சினிமாப் பேய் என்று ஆகிவிடும். அது எனக்குப் பிடிக்கவில்லை. என் அண்ணனுக்காக வந்தவன் நான், என் முகம் அவருக்குத் தெரிந்தாக வேண்டும். மிச்ச மோரையும் குடித்து டம்ளரைக் கீழே வைத்துவிட்டு முகமூடியைக் கழற்றினேன்.

அந்த அம்மா வாயைப் பொத்திக்கொண்டு சுவரோடு ஒட்டிக்கொண்டார். பெரிய வீட்டுக்காரர் கை ஓங்கினார். ஓங்கிய கை அப்படியே நின்றது. வாசலில் அவருடைய பங்காளிகளும் சம்பந்திகளும் கூடி நின்றார்கள். அடித்தால் சத்தம் கேட்டு அவர்கள் உள்ளே வருவார்கள். வந்தால் யார் எந்த டம்ளரில் குடித்தான் என்பது தெரிந்துவிடும். அவர் காலால் ஒரு கதவைச் சாத்தினார்.

"மாட்டுடா. மூஞ்சிய மாட்டு" என்றார் பல்லைக் கடித்துக்கொண்டு.

நான் எழுந்திருக்கவில்லை.

"மாட்டுப்பா. வெளிய எம் பங்காளியெல்லாம் நிக்கிறாய்ங்க. வீரணா, ஒனக்குப் புண்ணியமாப் போகும்."

என் பெயர் அவருக்குத் தெரியும் என்பதே அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. வெந்து தொங்குகிற அந்தக் கோர முகம் வீட்டுக்குள் இருக்கலாம், என் முகம் இருக்கக் கூடாது. முகமூடியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, சாத்திய கதவைத் திறந்து வாசலில் போய் நின்றேன்.

"இவன் காலனிப் பயல்ல?" என்று ஒருத்தன் கேட்டான். இன்னொருத்தன் கம்பைத் தேடி எடுத்தான். அப்போது முதுகுக்குப் பின்னால் பெரிய வீட்டுக்காரரின் குரல் கணீரென்று கேட்டது.

"தெரிஞ்சுதான்டா கூப்பிட்டேன்! நம்ம வீரணன்தான? காலம் மாறிப்போச்சு. எனக்கு அந்த வித்தியாசமெல்லாம் கெடையாது."

காலனிக்காரனிடம் ஏமாந்தேன் என்று சொன்னால் ஊர் சிரிக்கும். அதற்குப் பயந்து ஒரே நொடியில் மகானாகிவிட்டார். கம்பு எடுத்தவன் கம்பைக் கீழே போட்டான். நான் வாங்க வந்த பழியைப் பிடுங்கித் தன் கழுத்திலேயே மாலையாகப் போட்டுக்கொண்டாரே என்று எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. நாளைக்கே இவரைக் கூப்பிட்டு மேடையில் உட்கார வைப்பார்கள். விடக் கூடாது. வண்டியில் ஏறிப் பால்பாண்டியின் கையிலிருந்த மைக்கைப் பிடுங்கினேன்.

"பெரிய வீட்டு அய்யாவுக்கு நன்றி! நாளைக்குக் காலையில இதே நேரத்துக்கு எங்கண்ணன் சங்கிலி இந்தத் தெரு வழியா வாராரு, செருப்புப் போட்டு வாராரு. அய்யா வீட்டுல, அய்யா கையால மோர் குடிக்கப் போறாரு. எல்லாரும் வந்து பாருங்க!"

காலனிப் பக்கம் ஒலிபெருக்கிக் குழாயைத் திருப்பி இன்னொரு தடவை சொன்னேன். பிறகு அவரைப் பார்த்து, "சரிதானுங்களே அய்யா?" என்று மைக்கிலேயே கேட்டேன். தெரு முழுக்க அவரைப் பார்த்தது. தலையை ஆட்டினார்.

மத்தியானம் வீட்டுக்குப் போனால் அண்ணன் திண்ணையில் உட்கார்ந்து ஆட்டுக்கு இலைக்குழை ஒடித்துக்கொண்டிருந்தான்.

"என்னைய ஒரு வார்த்த கேக்காம ஏன்டா சொன்ன?"

"நீ வரலைன்னா அந்தாளு தப்பிச்சிருவாண்ணே" என்றேன். எனக்கு அழுகை வந்துவிட்டது. அவன் நீட்டிக் கிடந்த தன் காலைப் பார்த்தான்.

"எங்கிட்ட செருப்பு இல்லையேடா" என்றான்.

என்னுடையதைக் கொடுத்தேன். மறுநாள் காலை அவனுக்குப் பின்னால் காலனியில் பாதிப்பேர் செருப்போடு வந்தார்கள். அண்ணன் அவசரப்படவில்லை. ஒரு காலை ஊன்றி, ஒரு காலை இழுத்து, நடுத்தெருவில் நடந்தான். மேலத்தெரு அத்தனையும் வாசலில் நின்று பார்த்தது. பெரிய வீட்டு அம்மா வெளியே வரவில்லை. பெரிய வீட்டுக்காரரே டம்ளரைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

அண்ணன் முதலில் வாசலில் போட்டிருந்த நாற்காலியில் உட்கார்ந்தான். மடங்காத காலை அவருக்கு நேராக நீட்டினான். அந்தக் காலைத் தாண்டிக் குனிந்துதான் அவர் டம்ளரைக் கொடுக்க வேண்டியிருந்தது. அண்ணன் ஒரு வாய் குடித்தான், நாக்கைச் சப்புக்கொட்டிக் கொஞ்சம் யோசித்தான், டம்ளரை அவரிடமே திருப்பி நீட்டினான்.

"உப்புப் பத்தல" என்றான்.

பெரிய வீட்டுக்காரர் தன் பங்காளிகளைப் பார்த்தார். அவர்கள் டம்ளரைப் பார்த்தார்கள். டம்ளரை வாங்கிக்கொண்டு உப்பு போட்டு வர உள்ளே போனார்.