குறைந்துபோன கடல்

அபெனிசா எட்டு கேம் பெட்டிகளைத் தூக்கிக்கொண்டு அலுவலகத்துக்குள் வந்தபோது எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எல்லாம் அவனுடைய ரக்பி குழுக்காரர்களின் வீட்டு டிவிக்கு அடியில் கிடந்தவை. ஒன்றின் மேல் பிளாஸ்திரி ஒட்டி, ‘உடைத்தால் உதை’ என்று எழுதியிருந்தார்கள்.

“இத வச்சு என்ன பண்ணப்போற? கார் ரேஸ் விடப்போறியா?” என்றேன்.

“மச்சான், உன் கிழட்டுக் கம்ப்யூட்டர் இருபது நாள் முக்கி முனகிப் போடற கணக்க, இதுங்க ரெண்டே நாள்ல முடிச்சிடும். பாக்கறியா?”

அபெனிசா என் அத்தை மகன். எங்கள் பிஜியில் மச்சானை எவ்வளவு வேண்டுமானாலும் கிண்டல் செய்யலாம். கோபப்பட்டால் கோபப்பட்டவனுக்குத்தான் அவமானம். அதனால் பல்லைக் கடித்துக்கொண்டு மேசையில் இடம் ஒதுக்கினேன்.

சுவாவில் புயல் அலைக்குக் கணக்குப் போடும் சின்ன அலுவலகம் எங்களுடையது. ஆள் நாங்கள் இருவர்தான். அந்த வாரம் கையில் இருந்தது வைதலாவு தீவின் கணக்கு. போன வருடப் புயல் அங்கிருந்த மருத்துவ நிலையத்தைக் கூரையோடு கொண்டுபோய்விட்டது. உலாமிலா சிஸ்டர் பதினான்கு மாதமாக மலை மேல் ஒரு கூடாரத்தில் பிரசவம் பார்க்கிறார். புதுக் கட்டடத்துக்குச் சாமான் ஏற்றிய கப்பல் செவ்வாய்க்கிழமை கிளம்புகிறது. எங்கே கட்டுவது என்று திங்கள் மாலைக்குள் சொல்லியாக வேண்டும்.

இடம் இரண்டு. ஒன்று படகுத்துறைக்குப் பக்கத்துத் தாழ்நிலம், இன்னொன்று மலை மேல். பிரசவத்துக்கு வருகிறவர்கள் படகில்தான் வந்து இறங்குவார்கள், அதனால் சிஸ்டருக்கு மலை பிடிக்கவில்லை. போன மாதம் ஒரு பெண்ணைக் கதவுப்பலகையில் படுக்க வைத்து மலைப்பாதையில் தூக்கிக்கொண்டு போயிருக்கிறார்கள். பாதி வழியில், மழையில் குழந்தை பிறந்துவிட்டது. “தாய் பொழச்சது கடவுள் புண்ணியம். கீழயே கட்டலாம்னு சொல்லுப்பா” என்று போனில் என்னிடம் கெஞ்சினார். நான் சொன்னால் ஆயிற்றா? அடுத்த புயலில் கடல் அங்கே ஏறுமா என்று கணக்கு அல்லவா சொல்ல வேண்டும்.

கட்டட வேலை பாஷையில் சொன்னால், என் கம்ப்யூட்டரில் கணக்குப் போடும் சில்லுக்குள் இருந்தது இரண்டு மேஸ்திரிகள். எந்த வேலை கொடுத்தாலும் செய்வார்கள், ஆனால் நிதானம். கேம் பெட்டியின் சில்லுக்குள் ஒரு மேஸ்திரி, ஆறு சித்தாள். சித்தாள்களுக்குக் கூட்டவும் பெருக்கவும் மட்டும்தான் தெரியும். அதை மின்னல் வேகத்தில் செய்வார்கள். எட்டுப் பெட்டிக்கு நாற்பத்தெட்டு சித்தாள்! புதன்கிழமை சாயங்காலம் கணக்கு முடிந்தே விட்டது. தாழ்நிலம் நனையவில்லை.

அபெனிசா மேசை மேல் ஏறி ஆடினான். நான் சிஸ்டருக்குப் போன் செய்தேன். அவர் அழுதுவிட்டார். அவசரப்பட்டு வாயைவிட்டது நான்தான், வேறு யாரையும் குறை சொல்ல முடியாது.

என் கம்ப்யூட்டரிலும் அதே கணக்கைப் பிடிவாதமாக ஓட விட்டிருந்தேன். வியாழனன்று, புயலின் முதல் பகுதியை மட்டும் அது முடித்திருந்தது. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். பெட்டிகள் சொன்ன கடல் ஒரு சென்டிமீட்டர் குறைவாக இருந்தது.

“ஒரு சென்டிமீட்டரா? எறும்பு கூட முழுகாது. தோத்துட்டேன்னு ஒத்துக்கயேன்” என்றான் அபெனிசா.

“தொடக்கத்துலயே ஒண்ணுன்னா, முடியறப்ப எவ்வளவு?”

அவன் நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டான். அன்று முழுவதும் இருவரும் எழுதிய நிரலை வரி வரியாகப் பார்த்தோம். ஒரு தப்பும் அகப்படவில்லை.

வெள்ளி மதியம் வேலை முடிந்ததும் வழக்கம்போல யாங்கோனா வேர்ப்பொடியைத் தண்ணீரில் கரைத்துக் குடிக்க உட்கார்ந்தோம். ரக்பிக்காரர்கள் ஏழெட்டுப் பேர் தங்கள் பெட்டிகளை விசாரிக்க வந்து, பாயில் உட்கார்ந்துவிட்டார்கள். ஊற்றிக் கொடுத்தது அபெனிசா.

“ஏத்தமா, வத்தமா?” என்று ஒவ்வொருவரையும் கேட்டான்.

“ஏத்தம்!” என்று கைதட்டினார் குழுத் தலைவர். கடல் ஏற்றம்போல விளிம்புவரை வேண்டும் என்று அர்த்தம். ஆனால் அபெனிசா ஒவ்வொரு கொட்டாங்கச்சியிலும் விரலளவு குறைத்தே ஊற்றினான்.

“ஏண்டா, இதுவா ஏத்தம்? எங்க பொட்டியையும் வாங்கி வச்சுக்கிட்டு எங்களையே ஏமாத்தறியா?”

“துளிதானே அண்ணே. யாருக்குத் தெரியப்போகுது?”

மூன்று சுற்று முடிந்தது. பெரிய பாத்திரத்தின் அடியில் ஐந்து பேர் குடிக்கும் அளவு மிஞ்சிக் கிடந்தது. அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். சட்டென்று எழுந்தேன், கையிலிருந்த கொட்டாங்கச்சி பாயில் கவிழ்ந்தது.

“மச்சான்! அதுங்களும் உன்ன மாதிரிதாண்டா ஊத்துதுங்க!”

எந்தக் கணக்கிலும் கடைசி இலக்கத்துக்கு அப்பால் கொஞ்சம் மிச்சம் இருக்கும். என் கம்ப்யூட்டர் அது பாதிக்கு மேல் என்றால் கூட்டிக்கொள்ளும், கீழ் என்றால் விட்டுவிடும். மொத்தத்தில் சரியாகிவிடும். கேம் பெட்டியின் சித்தாள்கள் எப்போதும் வெட்டி எறிந்துவிடுவார்கள். விளையாட்டில் பந்து ஒரு தூசியளவு தள்ளி விழுந்தால் யார் கேட்கப்போகிறார்கள்? கோடிக்கணக்கான கூட்டலில் எங்கள் கடல் துளித்துளியாகக் காணாமல் போயிருந்தது. அந்தச் சில்லின் கையேட்டில் இது எழுதியே இருந்தது. படிக்காதது நாங்கள்தான்.

அபெனிசாவுக்கு முகம் செத்துவிட்டது. “பொட்டிங்கள திருப்பிக் குடுத்துடலாமா?” என்றான் மெல்ல.

“எதுக்கு? மிச்சத்தத் தூக்கி எறியாம ஒரு ஓரமா வச்சு, அடுத்த கூட்டல்ல சேத்துக்கச் சொல்லு. வேகம் கொஞ்சம் கம்மியாகும். ஆகட்டுமே. அப்பவும் என் கிழவன விட எட்டு மடங்கு வேகம்.” சொல்லி முடித்த பிறகுதான் அவன் பெட்டியை நான் புகழ்ந்திருக்கிறேன் என்று உறைத்தது. அவன் அதைக் கவனிக்காமல் விடுவானா?

திங்கள் மதியம் புதுக் கணக்கு முடிந்தது. என் கம்ப்யூட்டர் முடித்திருந்த பகுதியோடு இந்த முறை அச்சாக ஒத்துப்போனது. தாழ்நிலத்தில் இடுப்பளவு தண்ணீர். போனைக் கையில் எடுத்துவிட்டுத் திரும்ப வைத்தேன். சிஸ்டரிடம் எந்த முகத்தோடு பேசுவேன்?

அபெனிசா வரைபடத்தில் விரல் வைத்தான். துறையிலிருந்து நூறடி தள்ளி ஒரு மேடு, பொட்டு ஈரமில்லை. “இது யாரு கண்ணுலயும் படலயே, ஏன்?”

“ரக்பி மைதானம்டா அது. அத யாரு குடுப்பா?”

போனில் எல்லாவற்றையும் சொன்னேன், அவசரப்பட்டதற்கு மன்னிப்பும் கேட்டேன். அந்த மேடு எது என்று சிஸ்டர் இரண்டு முறை கேட்டுக்கொண்டார். பிறகு, “மைதானத்த கீழ கொண்டுபோகட்டும். புயல்ல எவன் பந்து வெளையாடறான்? இன்னிக்கு ஊர்க்கூட்டத்துல நானே கேக்கறேன். அந்த ஆம்பளைங்க அத்தன பேரும் என் கையில பொறந்தவனுங்கதான், எவன் மாட்டேங்கறான்னு பாக்கறேன்” என்றார்.

ஒருவனும் மாட்டேன் என்று சொல்லவில்லை. மறுநாள் விடியலிலேயே கோல் கம்பங்களைப் பிடுங்கிவிட்டார்களாம்.

ஐந்து மாதம் கழித்து ஒரு காலையில் சிஸ்டர் கூப்பிட்டார். புதுக் கட்டடத்தில் முதல் பிரசவம், பெண் குழந்தை.

“தாய யாரு சிஸ்டர் தூக்கிட்டு வந்தாங்க?” என்று கேட்டேன்.

“யாரும் தூக்கலப்பா. படகுலேருந்து எறங்கி, தன் கால்லயே நடந்து வந்தா.”