ஊசி அசையாத ஞாயிறு

சலவை ஆலையின் தண்ணீர் மீட்டருக்குள் ஒரு சிறிய சிவப்புச் சக்கரம் உண்டு. எங்கேயாவது தண்ணீர் ஓடினால் அது சுற்றும். எல்லாம் மூடியிருந்தால் நின்றுவிட வேண்டும். வெள்ளிக்கிழமை வேலை முடிந்து, கடைசி இயந்திரமும் அணைந்த பிறகும் அது மெல்லச் சுற்றிக்கொண்டிருந்ததைச் சூப்பர்வைசர் பார்த்தாள். இரண்டாவது பைப்பின் வால்வை மூடினாள். சக்கரம் நின்றது. திறந்தாள். மறுபடி சுற்றியது.

இரண்டாவது பைப்பைத் தரைக்கடியில் பதித்த பிளம்பர் அவளுடைய கணவன்.

ஆலையின் தண்ணீர்ச் செலவையும் மின்சாரச் செலவையும் குறைக்கும் பொறுப்பை முதலாளியம்மா அவளிடம்தான் கொடுத்திருந்தார். பாதிச் சுமையோடு எந்த இயந்திரமும் ஓடக்கூடாது என்று அவள் சட்டம் போட்டாள். உலர்த்தும் இயந்திரத்தின் பஞ்சு வலையை ஒவ்வொரு முறையும் தட்டவைத்தாள். துணி கால் மணி நேரம் முன்னதாகவே காய்ந்தது. எல்லாவற்றையும்விடப் பெரியது அவளுடைய தொட்டி. ஓட்டல் விரிப்புகளைக் கடைசியாக அலசும் தண்ணீர் ஏறக்குறையச் சுத்தமாகவே இருக்கும். அதைத் தொட்டியில் பிடித்து அடுத்த சுமையின் முதல் அலசலுக்கு விடுவது அவள் யோசனை. தொட்டியில் தண்ணீர் குறைந்தால் மிதவை தாழ்ந்து, இரண்டாவது பைப் வழியாக நல்ல தண்ணீர் கொஞ்சம் வந்து சேரும்; நிரம்பினால் மிதவை எழும்பி அதை நிறுத்திவிடும்.

இரண்டு மாதம் மீட்டர் கணக்கு அழகாக இறங்கியது. மூன்றாம் மாதம் ஏறத் தொடங்கியது. இப்போது ஐந்தாம் மாதம். பழைய கணக்கையே தாண்டிவிட்டது. தொட்டியைச் சுற்றித் தரை உலர்ந்திருந்தது. அப்படியானால் கசிவு தரைக்குள்தான் என்று எல்லோரும் முடிவு கட்டிவிட்டார்கள்.

"வீட்டுக்காரர் போட்ட பைப்பாச்சே. பாசம் ஜாஸ்தியாகிக் கசியுது போல," என்றார் பாய்லர்காரர், எல்லோர் காதிலும் விழும்படி.

முதலாளியம்மா சிரிக்கவில்லை. "திங்கக்கிழமை தரையை உடைச்சுப் பார்த்துடுவோம். மூணு நாள் வேலை நிக்கும், நிக்கட்டும். உன் வீட்டுக்காரர் வேலையில தப்புன்னு தெரிஞ்சா, அப்புறம் அவர் இந்த வாசப்படி மிதிக்க வேண்டாம். இப்பவே சொல்லிட்டேன்."

ஆலையில் அவளுக்கு மட்டும் தெரிந்த விஷயம் ஒன்று இருந்தது. பைப் பதித்ததும் இரு முனையையும் அடைத்து, உள்ளே அழுத்தம் ஏற்றி, பன்னிரண்டு மணி நேரம் அழுத்தக் கடிகாரத்தின் ஊசி இறங்காமல் நிற்கிறதா என்று பார்க்க வேண்டும். அப்புறம்தான் தரையை மூடலாம். கணவன் அப்படி அழுத்தம் ஏற்றிய அன்று மகளுக்குக் காய்ச்சல் ஏறிவிட, அவள்தான் பயந்துபோய் அவனைப் போனில் கூப்பிட்டாள். ஊசியை ஒரு மணி நேரம் மட்டுமே பார்த்துவிட்டு அவன் வீட்டுக்கு ஓடி வந்துவிட்டான். ஆனால் மறுநாள் அவன் கொடுத்த சோதனைச் சீட்டில் 'பன்னிரண்டு மணி நேரம்' என்று இருந்தது. அந்தச் சீட்டைக் கோப்பில் சேர்த்தது அவள் கைதான்.

ஞாயிற்றுக்கிழமை காலை மகளை நாத்தனார் வீட்டில் விட்டுவிட்டு இருவரும் ஆலைக்கு வந்தார்கள். பைப்பின் இரு முனை வால்வுகளையும் மூடி, அவன் கைப்பம்பால் அழுத்தம் ஏற்றினான். அழுத்தம் காட்டும் கடிகாரத்தில் ஊசி நின்ற இடத்தில் பேனாவால் ஒரு கோடு போட்டான். மணி ஆறரை. இரண்டு துணிக் கூடைகளைக் கவிழ்த்துப் போட்டு எதிரில் உட்கார்ந்தார்கள்.

"கண்ணைச் சிமிட்டாதீங்க. ஓடிப் போயிடப் போகுது," என்றாள் அவள்.

"நீ பேசாம இரு. நீ பேசினாலே எனக்குப் பிரஷர் ஏறுது."

"ஊசிக்கு இறங்காம இருந்தா சரி."

ஏழரை ஆனது. ஊசி கோட்டின் மேலேயே நின்றது. அவள் பெருமூச்சு விட்டு எழுந்தாள். "ஏங்க, நின்னுடுச்சு பாருங்க!"

அவன் எழவில்லை. "அன்னைக்கும் ஒரு மணி நேரம் நின்னுச்சு. அத நம்பித்தான் வீட்டுக்கு ஓடி வந்தேன்."

அவள் மறுபடி உட்கார்ந்தாள்.

"சீட்டைப் பார்த்தியா?" என்று தலை நிமிராமலே கேட்டான்.

"பார்த்தேன்."

"அஞ்சு மாசமா ஒரு வார்த்தை கேக்கலையே."

"கூப்பிட்டது நான். எந்த முகத்தோட கேக்கறது?"

"நீ கூப்பிட்டது தப்பில்லம்மா. நான் பொய் எழுதினதுதான் தப்பு. மறுநாள் வந்து திரும்பப் பிரஷர் ஏத்திப் பார்த்திருக்கலாம். வேலை கை விட்டுப் போயிடுமோன்னு பயம்." அவன் கை விரல்களைச் சொடுக்கினான். "அன்னையிலிருந்து இந்தத் தெருப் பக்கம் வந்தாலே காது இந்தத் தரைமேலதான்."

அவளுக்குக் கோபம் வரவேண்டிய இடம் அது. வரவில்லை. இந்த ஐந்து மாதமும் ஒரே கட்டிலில் இருவரும் ஆளுக்கொரு பக்கம் அந்தச் சீட்டைத்தான் நினைத்துக்கொண்டு படுத்திருந்தார்கள் என்பது இப்போதுதான் புரிந்தது.

பத்து மணிக்கும் ஊசி அசையவில்லை. உட்கார்ந்து உட்கார்ந்து கால் மரத்துப்போய், அவள் எழுந்து தொட்டிப் பக்கம் நடந்தாள். பஞ்சு விழாமலிருக்க அது எப்போதும் மூடியே இருக்கும். சும்மா இருக்க முடியாமல் மூடியைத் தூக்கிப் பார்த்தாள்.

தண்ணீர் வழிவுக்குழாயின் வாய் வரைக்கும் நின்றது. அளவுக்கு மேல் நிரம்பும் தண்ணீர் அந்தக் குழாய் வழியாகச் சுவருக்குள்ளேயே இறங்கிச் சாக்கடைக்குப் போய்விடும். ஆனால் மிதவை இன்னும் சாய்ந்தே கிடந்தது, 'இன்னும் கொண்டா' என்று கேட்பதுபோல.

ஒரு வாளித் தண்ணீரை உள்ளே ஊற்றினாள். அத்தனையும் சத்தமில்லாமல் வழிவுக்குழாயில் இறங்கியது. மிதவை சட்டை செய்யவே இல்லை.

"ஏங்க! இங்க வாங்க!"

"ஊசியை விட்டுட்டு எப்படி வர்றது?"

"ஊசி எங்கயும் போகாது, வாங்க!"

அவன் வந்து குனிந்து பார்த்தான். இன்னொரு வாளி ஊற்றச் சொன்னான். அதுவும் போனது. "மிதவை வழிவுக்குழாய்க்கு மேல இருக்கு. தொட்டி எந்தக் காலத்திலயும் நிரம்பினதா இது ஒத்துக்காது. ராப்பகலா நல்ல தண்ணி உள்ள வந்து நேரா சாக்கடைக்குப் போயிருக்கு. நான் இவ்வளவு உசரத்துல வைக்கலையே. யார் தூக்கி வச்சது?"

அவள் வாளியைக் கீழே வைத்தாள். மூன்றாம் மாதம், ஒரு திங்கட்கிழமை காலையில் முதல் சுமைக்குத் தண்ணீர் போதவில்லை. ஒரு ஆளைக் கூப்பிட்டு, 'மிதவையை ரெண்டு விரல் தூக்கி வை' என்று சொன்னவள் அவள்தான்.

"நான்தான்," என்றாள். சொன்னதும் சிரிப்பு வந்தது. அடக்கப் பார்த்தாள், முடியவில்லை. "தண்ணியை மிச்சம் பிடிக்கத் தொட்டி வச்சவளே சாக்கடைக்கு ஊத்தியிருக்கேன்!"

"இத்தனை நாள் என் பைப்பைச் சந்தேகப்பட்டியே, என் மகராசி!" அவனும் சிரித்தான். கண்ணில் நீர் வர, புறங்கையால் துடைத்துக்கொண்டு மிதவையை மூன்று விரல் இறக்கி முறுக்கினான்.

உடைக்க வேண்டிய இடத்தைக் குறிக்கச் சாக்பீஸும் கையுமாக முதலாளியம்மா வந்தபோது மணி பதினொன்று. அவள் மூடியைத் திறந்து, வாளி ஊற்றிக் காட்டி, தன் தப்பை ஒளிக்காமல் சொன்னாள். பிறகு அவன் முன்னால் வந்தான்.

"அம்மா, இன்னொன்னு இருக்கு. அன்னைக்கு நான் ஒரு மணி நேரம்தான் பார்த்தேன். சீட்டுல எழுதினது பொய்."

முதலாளியம்மா அவனையும் ஊசியையும் மாறி மாறிப் பார்த்தார். "இன்னைக்கு எப்ப ஏத்தினே?"

"ஆறரைக்கு."

"அப்ப சாயங்காலம் ஆறரை வரைக்கும் உக்காரு. நின்னா புதுச் சீட்டு எழுதிக் குடு. நிக்கலைன்னா அப்பப் பேசிக்கலாம்." சாக்பீஸைப் பைக்குள் போட்டார். அவள் பக்கம் திரும்பினார். "உன்னைத் திட்டலாம்னு பார்த்தா, தரை தப்பிச்ச சந்தோஷத்துல வாய் வர மாட்டேங்குது. பாய்லர்காரர்கிட்ட நீயே சொல்லிடு. அவர் வாய்க்கு ஒரு மாசத்துக்கு வேலை கிடைச்சாச்சு." வெளியே நடந்தபடியே தரை உடைப்பவர்களைப் போனில் அழைத்து வரவேண்டாமென்று சொல்லிவிட்டார்.

"நீ வீட்டுக்குப் போ," என்றான் அவன். "இன்னும் ஏழு மணி நேரத்துக்கு மேல இருக்கு."

"போக மாட்டேன். நம்ம ரெண்டு பேரும் தனியா ஒரு நாள் உக்காந்து எத்தனை வருஷம் ஆச்சு?"

துணி மடிக்கும் நீள மேசையில், துவைத்த விரிப்புகளை ஓரமாகத் தள்ளிவிட்டுச் சாய்ந்தாள். இரண்டு இரவாக அவள் கண் மூடவில்லை. அவன் ஏதோ கேட்டான். 'உம்' என்று பதில் சொல்லத் தொடங்கி, பாதியிலேயே தூங்கிப்போனாள்.

மூன்று மணிக்குப் போன் ஒலித்தது. அவன் பாய்ந்து எடுத்தான்.

"என்னண்ணே, ஊசி நிக்குதா? உன் பொண்ணு என் பவுடர் டப்பாவைக் கவுத்துட்டா. அண்ணிகிட்ட குடு, ரெண்டு வார்த்தை கேக்கணும்," என்றாள் அவன் தங்கை.

அவன் ஊசியைப் பார்த்தான். கோட்டின் மேலேயே இருந்தது. வாயருகே கையைக் குவித்துக்கொண்டான்.

"நிக்குது, நிக்குது. நீ மெதுவாப் பேசு. உங்க அண்ணி நல்லாத் தூங்கறா."