மூடியில் வைத்த சந்தனம்

தங்கசாமியை மண்ணைக் கவ்வ வைக்காமல் விடுவதில்லை என்று ராயப்பன் தீபாவளிக்கு முன்பிருந்தே கறுவிக்கொண்டிருந்தான். சும்மா இல்லை, காரணம் இருந்தது.

இருவரும் ராசிபுரத்துப் பக்கம் ஓர் உயர்நிலைப் பள்ளியில் எஸ்.எஸ்.எல்.சி. அதிலும் இன்ஜினியரிங் பிரிவு. மற்றப் பிள்ளைகள் சரித்திரத்தை மனப்பாடம் செய்கிற நேரத்தில் இவர்கள் பட்டறையில் அரம் பிடித்து இரும்பை ராவினார்கள். நூலளவைக்கூட அளந்து சொல்லும் மைக்ரோமீட்டர் பள்ளிக்கு ஒன்றே ஒன்றுதான். தண்டாயுதபாணி வாத்தியார் அதைப் பெண்டாட்டி நகை போலப் பூட்டி வைத்திருப்பார். தங்கசாமி அதைக் கீழே போட்டு உடைத்தான். உடைத்தவன் ஒத்துக்கொண்டால் என்ன, தலையையா சீவிவிடுவார்கள்? கமுக்கமாக ராயப்பனின் பையில் போட்டுவிட்டு நல்ல பிள்ளையாக உட்கார்ந்துகொண்டான்.

சோதனையில் அது ராயப்பனின் பையில் அகப்பட்டது; தங்கசாமி கையில்தான் கடைசியாகப் பார்த்தேன் என்று அவன் சொன்னதை யாரும் நம்பவில்லை. பிரம்படியோடு போயிருந்தால் ராயப்பன் மறந்திருப்பான். வாத்தியார் அவன் அப்பாவையும் அல்லவா வரவழைத்தார்! செபஸ்தியான் சேலம்–நாமக்கல் பஸ்ஸில் கண்டக்டர். காக்கிச் சட்டையும் தோளில் பையுமாக, பள்ளிக்கூடமே வேடிக்கை பார்க்க, "தப்புதானுங்க, மன்னிச்சுருங்க" என்று கும்பிட்டு நின்றார். அன்றிலிருந்து மகனோடு முகம் கொடுத்துப் பேசுவதில்லை. பஸ்ஸில் ஏறுகிற பையன்கள், "பையைப் பத்திரமாப் பாத்துக்கடா, கண்டக்டர் மகனும் நம்ம பள்ளிக்கூடந்தான்" என்று அவர் காதுபடவே சொன்னார்கள். இதையெல்லாம் மறக்க ராயப்பன் என்ன மரக்கட்டையா?

மார்ச் மாதம் செய்முறைப் பரீட்சை வந்தது. வெளியூரிலிருந்து வந்த அதிகாரி முன்னால் ஒவ்வொருவனும் ஆயில் எஞ்சினை ஓட்டிக் காட்ட வேண்டும். நடுவில் நின்றுபோனால் கோளாறை அவனே கண்டுபிடிக்க வேண்டும். முன்னால் முடித்தவன் அடுத்தவனுக்குக் கைப்பிடி சுற்றி எஞ்சினைக் கிளப்பிவிடுவது வழக்கம். ராயப்பன் பிசிறில்லாமல் ஓட்டி, அதிகாரியிடம் "பேஷ்" வாங்கிவிட்டான். பாலிடெக்னிக்கில் இடம் கைக்கு வந்த மாதிரிதான். அடுத்தவன் தங்கசாமி.

தங்கசாமி வீட்டில் ஏரானாலும் எஞ்சினானாலும் பொட்டு வைக்காமல் கை வைக்கமாட்டார்கள். அம்மா ஆராயி கோயிலிலிருந்து கொடுத்தனுப்பிய சந்தனத்தை எடுத்து அவன் சக்கரத்துக்கு வைத்தான், எண்ணெய் டாங்கின் மூடி நடுவிலும் தாராளமாக அப்பினான். அங்கேதான் ஊசி நுழைகிற அளவுக்கு ஒரு துவாரம் இருந்தது. அது வழியாகக் காற்று உள்ளே போனால்தான் எண்ணெய் கீழே இறங்கும். அதை அடைத்தால் எஞ்சின் கொஞ்ச நேரம் ஓடும், பிறகு மூச்சுமுட்டி நின்றுவிடும்.

ராயப்பன் பார்த்தான். வாய் வரைக்கும் வந்ததை விழுங்கினான். இதற்குத்தானே காத்திருந்தான்!

"சுத்தட்டுமாடா?" என்று கேட்டான்.

"சுத்து சாமி" என்றான் தங்கசாமி.

எஞ்சின் ஜம்மென்று பிடித்தது. தங்கசாமி நெஞ்சை நிமிர்த்தினான். சற்று நேரத்தில் அது திக்கித் திணறி நின்றது. அவன் மூடியைத் திறந்து பார்த்தான். எண்ணெய் தளும்ப இருந்தது. மூடியை இறுக்கிவிட்டு மறுபடி ஓட்டினான், மறுபடி நின்றது. குழாயைக் கழற்றினான், மாட்டினான், வேர்த்து விறுவிறுத்தான். ராயப்பன் மட்டும் முகத்தைச் சாதுவாக வைத்துக்கொண்டு, சொன்னபோதெல்லாம் சுற்றினான். வயிறு குளிர்ந்தது.

"போதும் தம்பி" என்று அதிகாரி எழுந்து வந்தார். மூடியிலிருந்த சந்தனத்தை நகத்தால் சுரண்டினார். "பொட்டு வைக்கலாம், வேண்டாங்கலை. மூக்கை அடைச்சா வைப்பாங்க? நீ ஃபெயில்." பிறகு ராயப்பன் பக்கம் திரும்பினார். "கைப்பிடி சுத்தினவன் நீதானே? இது உன் கண்ணுல படலையா?"

படலைங்க என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், மார்க்கு பத்திரம். ஆனால் தன்னைக் கவிழ்த்தது யாரென்று தங்கசாமிக்குத் தெரியாமல் போனால் அது என்ன பழி? தலையெழுத்து என்று சொல்லிவிட்டுப் போய்விடுவானே!

"பட்டுதுங்க. பாத்துட்டேதான் சுத்தினேன்" என்றான் ராயப்பன், தங்கசாமியின் முகத்தைப் பார்த்துக்கொண்டே.

"கூட நிக்கிறவனைத் தெரிஞ்சே கவுத்தறவனுக்கு எஞ்சின் படிப்பு எதுக்கு? உனக்கும் சைபர்" என்றார் அதிகாரி.

தங்கசாமி பாய்ந்து ராயப்பனின் சட்டையைப் பிடித்தான். "அடப்பாவி! ஒரு மைக்ரோமீட்டரை உம்பையில போட்டதுக்கு என் வருசத்தையே நாசம் பண்ணிப்போட்டயேடா!"

தங்கசாமி நாக்கைக் கடித்துக்கொண்டான். என்ன பிரயோசனம், எல்லார் காதிலும் விழுந்தாயிற்று. தண்டாயுதபாணி வாத்தியாரின் முகம் செத்துப்போயிற்று. அவர் ராயப்பனின் தோளைத் தொட்டார்.

"உடு சாமி, நடந்தது நடந்துபோச்சு. நான் ஐயாகிட்டச் சொல்லி மார்க்கு வாங்கித் தாரேன்."

ராயப்பன் அந்தக் கையைத் தட்டிவிட்டான். "மார்க்கு வேண்டாங்க சார். எங்கப்பா பஸ் இப்ப வந்துரும். நீங்களும் வாங்க, இவனும் வரட்டும். பஸ்ஸுல இருக்கற அத்தனை சனத்துக்கு முன்னாடி அவரைக் கும்பிட்டு நில்லுங்க."

வாத்தியார் அதிகாரியைப் பார்த்தார். அதிகாரி வாசல் பக்கம் கையைக் காட்டினார். ராயப்பன் போய்ப் பட்டறைக் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு, அவர்கள் வரும்வரை நின்றான்.