ஒன்பது சிவப்புப் புள்ளிகள்

போலீஸ்காரர்கள் கரியனை வீட்டிலிருந்து இழுத்துப் போன அன்று, அவர்களில் ஒருவர் கையில் மடித்த தாள் ஒன்று இருந்ததைச் சாமியம்மாள் பார்த்தாள். அவர் தாளைப் பார்ப்பதும், ஓடைப் பக்கம் கை காட்டுவதும், மறுபடி தாளைப் பார்ப்பதுமாக இருந்தார். காலை எட்டு மணி இருக்கும். பஸ் வரும் ரோட்டிலிருந்து மூன்று கிலோமீட்டர் காட்டுப் பாதையில் ஏறினால்தான் அத்திமேடு. ஊருக்குப் புதிதாக வருகிறவர் எவரும் ஓடைக்குப் போகும் குறுக்கு வழியைத் தானாகக் கண்டுபிடித்துவிட முடியாது. இவர்கள் யாரையும் வழி கேட்கவில்லை.

கரியன் வீட்டில் இரண்டு நீல டிரம்களும், கோயில் படையலுக்கென்று வாங்கி வைத்திருந்த கொஞ்சம் வெல்லமும் இருந்தன. டிரம்மில் இருந்தது குடிதண்ணீர். அதைக் கவிழ்த்தார்கள். சாமை கொட்டி வைத்திருந்த பானைகளை லத்தியால் உடைத்தார்கள். "சார், நா சாராயம் காச்சறத வுட்டு பன்னெண்டு வருசமாச்சு" என்று கரியன் சொல்லிக்கொண்டே இருந்தார். வாசலில் பிடித்துத் தள்ளியதில் வலது மணிக்கட்டு முறிந்தது. அந்தக் கையோடுதான் மூன்று கிலோமீட்டர் நடத்திக் கூட்டிப் போனார்கள்.

அவர் மனைவி மணிமொழி பாதி தூரம் பின்னாலேயே ஓடிவிட்டுத் திரும்பி வந்தாள். வந்தவள் நேராகச் சாமியம்மாள் முன்னால் நின்றாள்.

"ஓடையில எங்கெங்க ஊறல் இருந்துச்சின்னு அவங்களுக்கு யாருக்கா சொன்னது? நேரா போயி அதே எடத்துல நிக்கிறாங்க."



அந்த ஓடையின் கதையை ஊரில் எல்லோரையும்விட நன்றாக அறிந்தவள் சாமியம்மாள்தான். பன்னிரண்டு வருடம் முன்பு அங்கே ஒன்பது இடங்களில் சாராய ஊறல் போட்டிருந்தார்கள். வெல்லமும் மரப்பட்டையும் புளித்த நாற்றம் ஊர்வரை வரும். ஒரே வருடத்தில் நாலு ஆண்கள் செத்தார்கள், அதில் ஒருவர் சாமியம்மாளின் கணவர், இன்னொருவர் கரியனின் தம்பி. நாலாவது சாவுக்கு மறுநாள் சாமியம்மாள் கடப்பாரையோடு ஓடையில் இறங்கினாள். பின்னால் இருபது பெண்கள் இறங்கினார்கள். ஒன்பது பானையில் கடைசிப் பானை கரியனுடையது. அதை யாரையும் தொடவிடாமல் அவரே உடைத்தார். அன்றைக்கு ஆரம்பித்ததுதான் அத்திமேடு பெண்கள் சங்கம். அதற்குப் பிறகு ஒருவரும் சாராய அடுப்பு மூட்டவில்லை.

கீழே கள்ளக்குறிச்சிப் பக்கம் இருந்த ஒரு தனியார் பல்கலைக்கழகம் இந்தச் சங்கத்தைத் தேடி வந்து மூன்று வருடம் ஆகிறது. மாணவர்கள் ஊர்களில் தங்கிச் சேவை செய்து, அதையே பாடமாகப் படித்து மார்க் வாங்கும் திட்டமாம். வருடா வருடம் தை மாதம் முப்பது பேர் போல வருவார்கள். முதல் வருடம் பள்ளிக்கூடச் சுவரில் கடலும் திமிங்கலமும் வரைந்துவிட்டுப் போனார்கள். இரண்டாம் வருடம் மரக்கன்று நட்டார்கள். வேலி போடாததால் அதை ஆடு தின்றது.

மூன்றாம் வருடம் வந்த பேராசிரியர் அன்புச்செல்வன்தான் முதல்முதலாக, "உங்களுக்கு என்ன வேணும்னு நீங்களே சொல்லுங்கம்மா" என்று கேட்டவர். சாமியம்மாளுக்கு அது பிடித்துப்போனது. "ரோடு வேணும் சார். புள்ளத்தாச்சிய தூளி கட்டித்தான் தூக்கிக்கினு போறோம். போன வருசம் ரெண்டு பேர் வழியிலயே பெத்தாங்க. அதை நாலு பேர் படிக்கிற மாதிரி எழுதிக் குடுங்க" என்றாள்.

அப்படித்தான் அந்த ஊர்ப் படம் பிறந்தது. அங்கன்வாடி முன்னால் பெண்கள் கோலப்பொடியால் ஊரை வரைந்தார்கள். வீடு, ஊற்று, பாதை, தூளியை இறக்கி வைத்து மூச்சு வாங்கும் பாறை எல்லாம் அதில் வந்தன. ஓடையை வரைந்தபோது பானை உடைத்த கதையும் வந்தது. சாமியம்மாளே ஒன்பது இடத்தையும் விரலால் தொட்டுக் காட்டினாள். "இங்க இருந்துச்சு, இங்க இருந்துச்சு" என்று பெருமையாகத்தான் சொன்னாள். சந்தியா என்ற மாணவி எல்லாவற்றையும் தாளில் படியெடுத்தாள். எலவனாசூர்கோட்டைப் பக்கம் விவசாயக் குடும்பத்துப் பெண். தங்கியிருந்த பதினைந்து நாளும் மணிமொழி வீட்டில்தான் சாப்பிட்டாள்.

கரியன் சிறைக்குப் போன பதினோராம் நாள் பல்கலைக்கழகத்தில் நிறைவு விழா. சாமியம்மாளுக்குச் சால்வையும் கேடயமும் கொடுக்கப்போவதாக முன்பே சொல்லியிருந்தார்கள். வரும்போது சங்கத்து முத்திரையையும் எடுத்து வரச் சொன்னார் அன்புச்செல்வன். முப்பத்திரண்டு மாணவர்களும் அறுபது மணி நேரம் சேவை செய்ததாகச் சங்கம் முத்திரை போட்டால்தான் மார்க் ஏறும். சாமியம்மாள் கேடயத்துக்காகப் போகவில்லை. பெரிய படிப்புப் படித்தவர்களுக்குக் கரியனை வெளியே எடுக்க யாரையாவது தெரிந்திருக்கும் என்று நினைத்துப் போனாள். கச்சிராயபாளையத்தில் இறங்கி டவுன் பஸ் மாறும்போதுகூட, சாரிடம் எப்படிப் பேச்சை எடுப்பது என்றே யோசித்துக்கொண்டிருந்தாள்.

விழா மண்டபத்து நடைபாதையில் போன மாதத்துக் கண்காட்சியின் தட்டிகள் இன்னும் நின்றன. மூன்றாவது தட்டியில் அத்திமேடு இருந்தது. பாறை, ஊற்று, பாதை எல்லாம் ஊர்ப் பெண்கள் வரைந்த மாதிரியே இருந்தன. ஓடையில் மட்டும் ஒன்பது சிவப்புப் புள்ளிகள். எழுத்தெல்லாம் ஆங்கிலத்தில். பக்கத்தில் வந்து சிரித்த சந்தியாவிடம், "இதுல இன்னா எழுதியிருக்குது, படி பாப்பா" என்றாள்.

சந்தியாவின் சிரிப்பு போய்விட்டது. "கள்ளச்சாராயத்தின் நிழலில் மலைப் பெண்கள்" என்று தலைப்பைத் தமிழில் சொன்னாள்.

"செவப்புப் புள்ளிக்கிட்ட?"

"சாராயம் காய்ச்சும் இடங்கள்."

"காய்ச்சுனதா, காய்ச்சறதா?"

சந்தியா தரையைப் பார்த்தாள். "காய்ச்சும்னு போட்டிருக்குக்கா."

"ரோடு எங்க?"

"அறிக்கையில நாப்பத்தோராம் பக்கத்துல ஒரு வரி இருக்கு."

"இந்தக் கண்காட்சிக்கு யார் யார் வந்தாங்க?"

"அதிகாரிங்க வந்தாங்க. போலீஸ்லேந்தும் வந்தாங்க. படத்தோட பிரதி கேட்டாங்கன்னு சார் குடுத்தாரு."

சாமியம்மாளுக்கு ஓடையைத் தொட்டுக் காட்டிய தன் விரலையே வெட்டிப் போடலாம் போல இருந்தது. மேடையில் அவள் பெயரை அழைத்தார்கள். மறுபடியும் அழைத்தார்கள். அவள் தட்டியில் குத்தியிருந்த படத்தை நாலு மூலையிலும் பிய்த்து எடுத்துச் சுருட்டினாள். காவலாளி ஓடி வந்து, "ஏம்மா, இன்னா பண்ற?" என்றார்.

"எங்க ஊரு இது. எடுத்துக்கினு போறேன்."

அதற்குள் அன்புச்செல்வன் வந்துவிட்டார். அவளை ஒரு காலி வகுப்பறைக்கு அழைத்துப்போனார். மேசைமேல் முப்பத்திரண்டு படிவங்கள் தயாராக இருந்தன. கரியன் விஷயத்தைக் கேட்டதும் அவர் முகம் உண்மையாகவே வாடியது. ஆனால் பேச்சு வேறாக இருந்தது.

"ஆய்வுக் கட்டுரையில நிகழ்காலத்துலதான் எழுதுவோம்மா. அது ஒரு நடை. யாரையும் குத்தம் சொல்றதுக்கு இல்ல."

"உங்க நடைக்கு எங்காளு கையொடஞ்சி உள்ள கெடக்கறாரு சார்."

"நான் என்ன பண்ண முடியும்? போலீஸ் பண்ணதுக்கு..."

"இது பன்னெண்டு வருசம் முந்தின சேதி, நாங்க தப்பா எழுதிட்டோம்னு லெட்டர் எழுதிக் குடுங்க. உங்க காலேஜ் சீல் வெச்சிக் குடுங்க. கோர்ட்ல காட்டிக்கிறேன்."

"அதுக்கு டீன் ஒப்புக்கணும், கமிட்டி கூடணும். ரெண்டு மாசம் ஆகும்."

"கரியண்ணன இட்டுக்கினு போறதுக்கு எந்தக் கமிட்டி கூடுச்சு?"

அன்புச்செல்வன் படிவங்களை அவள் பக்கம் நகர்த்தினார். "பசங்க மேல கோவத்தைக் காட்டாதீங்க. இது அவங்க வாழ்க்கை. மூணு வருசமா உங்க ஊருக்கு நாங்க எவ்வளவோ செஞ்சிருக்கோம்."

"இன்னா செஞ்சீங்க? சொல்லுங்க, கேக்கறேன். மலையில திமிங்கலம் வரைஞ்சீங்க. ஆட்டுக்குத் தழை வெச்சீங்க. இந்த வருசம் போலீசுக்கு வழி காட்டுனீங்க." அவள் குரல் உயரவில்லை. "எங்க பொம்பளைங்க உங்களை நம்பிப் பேசுனாங்க. 'இருந்துச்சு'ன்னு சொன்னதை 'இருக்குது'ன்னு எழுத உங்களுக்கு ஒரு நிமிசம் ஆயிருக்குமா? இதுல நான் முத்திரை போட மாட்டேன். நடந்ததை ஒத்துக்கினு யாரு மலைக்கு வராங்களோ, அவங்களுக்குப் போடறேன்."

படிவங்களையும் எடுத்துக்கொண்டு கிளம்பினாள். பஸ்ஸில் உட்கார்ந்த பிறகுதான் அழுகை வந்தது. கோமுகி அணை தாண்டும்வரை அழுதாள். பக்கத்தில் இருந்தவர் யாருக்கு என்ன ஆச்சு என்று கேட்டதற்கு, ஒன்றுமில்லை என்றாள்.

ஐந்தாம் நாள் காலை பத்து மாணவர்கள் பாதை ஏறி வந்தார்கள். முன்னால் சந்தியா. சார் வரவில்லை. போகக் கூடாது என்று சொல்லியிருந்தாராம். அங்கன்வாடி முன்னால் பெண்கள் கூடினார்கள். யாரும் தண்ணீர் வேண்டுமா என்று கேட்கவில்லை.

மணிமொழி எழுந்து ஒவ்வொருவரின் முன்னாலும் போய் நின்றாள். "எங்க ஊர்ல சோறு தின்ன இல்ல? எங்க வூட்டுக்காரர் காச்சறத நீ பாத்தியா?" பத்து பேரிடமும் அதே கேள்வி. பத்து பேரும் இல்லை என்றார்கள்.

"நான் மொதல்ல 'முன்பு இருந்தது'ன்னுதான் எழுதினேன்க்கா" என்றாள் சந்தியா. "முடிஞ்சுபோன பிரச்சினைய யாரும் திரும்பிப் பாக்க மாட்டாங்கன்னு சார் அடிச்சிட்டாரு."

"அவரு அடிச்சப்ப நீ இன்னா பண்ண?" என்று கேட்டாள் சாமியம்மாள்.

"சும்மா இருந்தேன்."

"கோர்ட்டுக்கு எழுதிக் குடுக்கறதுல அதையும் எழுது."

சந்தியா எழுதினாள். பென்சிலால் அல்ல, பேனாவால், தன் பெயரும் அப்பா பெயரும் ஊரும் போட்டு எழுதினாள். மற்றவர்களும் எழுதினார்கள். ஒரு பெண் அழுதாள். அவளை யாரும் தேற்றவில்லை. எல்லாம் முடிந்த பிறகு சாமியம்மாள் அந்தப் பத்துப் படிவங்களில் மட்டும் முத்திரை குத்தினாள். மீதி இருபத்திரண்டையும் வெறுமையாகவே பதிவுத் தபாலில் அனுப்பினாள்.

அந்தப் பத்து வாக்குமூலங்களையும் வைத்துச் சங்கம் அமர்த்திய வக்கீல் வாதாடினார். கரியன் உள்ளே போய் பத்தொன்பது நாள் கழித்து ஜாமீனில் வந்தார். தோண்டாமல் விட்ட மரவள்ளியைக் காட்டுப்பன்றி தின்று முடித்திருந்தது. மணிக்கட்டு கோணலாகக் கூடியிருந்தது. வழக்கு முடியவில்லை. காய்ச்சாத சாராயத்துக்கு இருபது லிட்டர் ஊறல் பிடித்ததாக எழுதியிருந்தார்கள்.

சாமியம்மாள் பார்க்கப் போனபோது கரியன் கட்டிலில் எழுந்து உட்கார்ந்தார்.

"நீ இட்டாந்தவங்கதான சாமியம்மா?"

"ஆமாண்ணே. நான்தான்."

அவர் மறுபடி படுத்துக்கொண்டார். திட்டியிருந்தால் தேவலை என்று அவளுக்கு இருந்தது. அதற்குப் பிறகு ஒவ்வொரு வாய்தாவுக்கும் அவரோடு கள்ளக்குறிச்சி கோர்ட்டுக்குப் போனாள். பஸ்ஸில் இருவரும் தனித்தனி சீட்டில்தான் உட்கார்ந்தார்கள்.

சித்திரையில் பல்கலைக்கழகத்திலிருந்து கடிதம் வந்தது. ஒத்துழைப்பு இல்லாததால் அத்திமேட்டுடன் உள்ள கூட்டு முடிந்தது என்று ஒரு பத்தி. கரியனைப் பற்றி ஒரு சொல் இல்லை. அடுத்த தைக்கு மலையின் அந்தப் பக்கத்து ஊர் ஒன்றைப் பேசி முடித்துவிட்டார்கள் என்றும் காதுக்கு வந்தது.

மறுநாளே சாமியம்மாள் அங்கே கிளம்பினாள். ஒரு பஸ், அப்புறம் ஒன்றரை மணி நேர நடை. அந்த ஊர்ச் சங்கத்தின் செயலாளர் செந்தமிழ்ச்செல்வி கிழங்கு சீவிக்கொண்டே எல்லாவற்றையும் கேட்டாள்.

"எங்களுக்கு கக்கூஸ் கட்டித் தரேன்னாங்கக்கா" என்றாள் கடைசியில்.

"கட்டட்டும். உங்களைப் பத்தி ஒரு எழுத்து எழுதுனாலும் கீழ எடுத்துக்கினு போறதுக்கு முந்தி தமிழ்ல படிச்சுக் காட்டச் சொல்லு. தப்பா இருந்தா அங்கேயே அடிக்கச் சொல்லு. ஒத்துக்கலன்னா பஸ் ஏத்தி அனுப்பு."

செந்தமிழ்ச்செல்வி கத்தியைக் கீழே வைத்தாள். "ஒப்பந்தம் பேச வர்ற புதன்கிழம வராங்க. எனக்கு அவங்ககிட்ட இப்பிடியெல்லாம் பேச வராதுக்கா. நீ வந்து கூட உக்காருவியா?"

"எத்தினி மணிக்கு?" என்று கேட்டாள் சாமியம்மாள்.