எங்கேயோ கசிகிறது

மீட்டரக்கா நடைபாதையில் குப்புறப் படுத்து, வலது கையைத் தோள்வரை குழிக்குள் விட்டிருந்தாள். குழியின் அடியில், சேறு அப்பிய கண்ணாடிக்குக் கீழே தண்ணீர் மீட்டர் இருந்தது. கட்டைவிரலால் சேற்றை வழித்தாள். பிறகு இடது கைக்கு வேலை. ஆறு இலக்கமும் தெரிய ஒரு படம், வீட்டு எண் தெரிய ஒரு படம். இரண்டும் அலுவலகத்துக்குப் போய்ச் சேர்ந்தால்தான் அந்த வீடு அவள் கணக்கில் ஏறும். போனை அழுத்தினாள். ஃபிளாஷ் எரியவில்லை. சார்ஜ் பதினாலு சதவீதத்துக்குக் கீழே இறங்கினால் இந்தப் போன் முதலில் விளக்கைத்தான் அணைக்கும், சம்பளத்துக்கு முந்தின வாரத்துக் குடும்பத் தலைவன் மாதிரி.

கையை உருவிக்கொண்டு எழுந்து அந்த வீட்டுக் கேட்டைத் தட்டினாள்.

"யாரு? மீட்டரக்காவா? இந்த வெயில்ல வந்திருக்கீங்களே, குடிக்கத் தண்ணி தரட்டா?"

"தண்ணி வேணாம்மா. ஒரு பத்து நிமிஷம் சார்ஜ் போட்டுக்கட்டா?"

வீட்டுக்காரம்மாள் யோசித்தாள். "எங்க வீட்டுல அந்த மாதிரி பின் இல்லையேக்கா."

அவளுக்குப் பின்னால், சோபாவின் தலைமாட்டில் மூன்று சார்ஜர் ஒயர்கள் தொங்கிக்கொண்டிருந்தன. மீட்டரக்கா அதைப் பார்க்காதவள் மாதிரி மேகத்தைப் பார்த்தாள். பதினோரு வருஷமாகத் தெருத்தெருவாகப் போகிறவளுக்கு இது தெரியும். தண்ணீர் கேட்டால் சொம்போடு வரும், கரண்ட் கேட்டால் கதவு பாதிதான் திறக்கும்.

இரண்டு மணி பத்து நிமிஷத்துக்குப் போன் அணைந்தது. எழுபத்து நாலு வீடு முடிந்திருந்தது. நூற்றுப்பத்து முடித்தால்தான் முழு நாள்.

சாயங்காலம் அலுவலக ஜன்னலில் சூப்பர்வைசர் தலை நிமிராமலே சொன்னான். "இந்த மாசம் மூணாவது அரை நாளுக்கா. நாலாவது விழுந்துச்சுன்னா சிஸ்டமே உங்க தெருவெல்லாம் வேற ஆளுக்கு மாத்திடும். அப்புறம் எங்கிட்ட வந்து நின்னு பிரயோசனம் இல்ல."

"போன் செத்துப் போனா நான் என்ன சார் பண்றது?"

"உங்க போன், உங்க பொறுப்பு. கையெழுத்துப் போட்ட பேப்பர்லயே இருக்கு. நல்ல போனா ஒண்ணு வாங்குங்க."

"நல்ல போன்னா எது சார்?"

சூப்பர்வைசர் இப்போதுதான் நிமிர்ந்தான். இந்தக் கேள்வியை அவனிடம் யாரும் கேட்டதில்லை போலிருக்கிறது. "ஆண்ட்ராய்டா இருக்கணும். அவ்வளவுதான்," என்றான்.

அவளுக்குப் பின்னால் நின்றிருந்த நெட்டைக்கும் அன்று மூன்றாவது அரை நாள். பக்கத்துத் தெருக்கள் அவனுடையவை. ஆள் ஆறடிக்கு மேல். குழிக்குள் கைவிட அவன் படுக்கவே வேண்டாம், உட்கார்ந்தால் போதும். "நல்ல போன் எதுன்னு கண்டுபிடிச்சா எனக்கும் சொல்லுங்கக்கா," என்றான். "வாங்க முடியாட்டியும் தெரிஞ்சு வச்சுக்குறேன்."

ஞாயிற்றுக்கிழமை மீட்டரக்கா நாத்தனாரைக் கூட்டிக்கொண்டு கடைக்குப் போனாள். நாத்தனாருக்குச் சந்தையில் வெங்காய மண்டி. அவள் ஒரு கடைக்குள் போனால் விலைப்பட்டியல் தானாகவே கொஞ்சம் இறங்கி நிற்கும். மீட்டரக்காவின் பையில் ஒரு கவர் இருந்தது. மூக்குக்கண்ணாடி வாங்க எடுத்துவைத்தது. ஒரு வருஷமாக இலக்கங்கள் அவளுக்கு எறும்பு ஊர்வதாகத்தான் தெரிகின்றன. போனில் படத்தைப் பெரிதாக்கித்தான் எட்டா மூன்றா என்று பார்க்கிறாள். அதனால் கண்ணாடியும் போனும் ஒன்றுதான் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

கடைக்குள் கண்ணாடி மேசை நெடுகப் போன்கள் ஒயரில் கட்டிக் கிடந்தன. விற்கிற பெண்ணுக்கு முப்பது வயதிருக்கும். ஒரு காலிலிருந்து மறு காலுக்கு எடையை மாற்றியபடியே மனப்பாடமாக ஒப்பித்தாள். "அம்பது மெகாபிக்சல் கேமரா, நூத்தி இருபது ஹெர்ட்ஸ் டிஸ்பிளே, ஐயாயிரம் பேட்டரி..."

நாத்தனார் ஒன்றை உள்ளங்கையில் வைத்து எடை பார்த்தாள். கட்டைவிரலால் முதுகை அழுத்தியும் பார்த்தாள். "என்ன அண்ணி இது, இவ்ளோ லேசா இருக்கு. உள்ள வெறும் தோல்தானா?"

"ஸ்லிம் மாடல்மா."

"எல்லாம் ஒயர்லயே கிடக்குதே. குளுக்கோஸ் ஏத்திக்கிட்டே இருக்கிற ஆளு எவ்ளோ தூரம் ஓடுவான்னு எப்படிம்மா பாக்குறது?"

விற்கிற பெண் சிரித்துவிட்டாள். கல்லாப் பக்கம் எட்டிப் பார்த்தாள். முதலாளி சாப்பிடப் போயிருந்தார். ஒயரைக் கழற்றிக் கொடுத்தாள். மீட்டரக்கா அதை வாசலுக்குக் கொண்டுபோய் வெயிலில் பிடித்தாள். திரையில் அவள் முகம்தான் தெரிந்தது, எழுத்து தெரியவில்லை.

"வெளிச்சத்தைக் கூட்டணும்க்கா," என்று வந்து கூட்டிக் காட்டினாள் அந்தப் பெண். "ஆனா கூட்டினா சார்ஜ் இறங்கும். நீங்க வெயில்ல நிக்கிற வேலையா?"

"நிக்கிறதும் படுக்கிறதும். ஐயாயிரம்ங்கிறியே, அது டேங்கோட அளவுதானே?"

"டேங்கா?"

"தண்ணி டேங்க். பெரிய டேங்க் வச்ச வீட்டுலயும் மத்தியானமே தண்ணி தீர்ந்து போறதை நான் பாத்திருக்கேன். டேங்கைச் சொல்ற சரி, குழாயைச் சொல்ல மாட்டேங்குறியே."

அந்தப் பெண்ணின் கால் மாற்றுவது நின்றது. ஒப்பித்ததை விட்டுவிட்டுப் பேச ஆரம்பித்தாள். "குழாய்னா... திரைதான் பெரிய குழாய். அப்புறம் உள்ள இருக்கிற சிப். பழைய சிப்பு ஒரே வேலைக்கு அதிகமா உறிஞ்சும், புதுசு கொஞ்சமா உறிஞ்சும். டவர் சரியா கிடைக்காத தெருவுல போன் டவரைத் தேடித் தேடியே காலியாகும். வெயில் சூடும் அதோட சேரும்."

"என் போனுக்கு எந்தக் குழாய்?" என்று பழைய போனை எடுத்து நீட்டினாள்.

"இது பேட்டரியே தேஞ்சிருக்கும்க்கா. மாத்தினீங்களா?"

"ஒரு தடவை மாத்தினேன். ரெண்டே மாசத்துல வயித்துப் பிள்ளைக்காரி மாதிரி முதுகு உப்பிக்கிச்சு. தேஞ்ச டேங்க் சின்னது, அதை ஒத்துக்குறேன். ஆனா கசிவு இருக்கான்னு பாக்கணுமே."

அவள் தொழிலில் இதற்கு ஒரு வழி உண்டு. பில் எகிறுகிறது என்று சண்டைக்கு வரும் வீடுகளில் எல்லாக் குழாயையும் இறுக்கி மூடச் சொல்வாள். பிறகு மீட்டரின் சின்னச் சக்கரத்தைப் பார்ப்பாள். நின்றால் செலவு வீட்டுக்காரருடையது. சுற்றினால் எங்கேயோ கசிகிறது. இப்போதும் அதையே செய்தாள். தன் போனில் திறந்திருந்த எல்லாவற்றையும் மூடினாள். சத்தத்தை நிறுத்தினாள், திரையை அணைத்துக் கண்ணாடி மேசைமேல் வைத்தாள். சார்ஜ் எழுபத்திரண்டு.

"அரை மணி நேரம் யாரும் தொடாதீங்க," என்றாள், பச்சைக் குழந்தையைத் தூங்கவைத்தவள் மாதிரி.

அந்த அரை மணி நேரத்தையும் நாத்தனார் வீணாக்கவில்லை. உறைக்கும் திரைமேல் ஒட்டும் கண்ணாடிக்கும் பேரம் பேசி இரண்டையும் இலவசத்தில் சேர்த்தாள். வாங்கப்போவது எந்தப் போன் என்று இன்னும் முடிவாகவில்லை என்பது அவளுக்கு ஒரு பொருட்டே இல்லை.

திரையை எழுப்பினார்கள். அறுபத்தாறு.

"சக்கரம் சுத்துது," என்றாள் மீட்டரக்கா. குரலில் ஒரு சந்தோஷம்கூட இருந்தது.

விற்கிற பெண் மேசைக்கு இந்தப் பக்கமே வந்துவிட்டாள். அமைப்புகளுக்குள் போய், பேட்டரி என்ற பக்கத்தைத் திறந்தாள். எது எவ்வளவு தின்றது என்று வரிசையாக இருந்தது. திரை பதினேழு. பேச்சு நாலு. எல்லாவற்றுக்கும் மேலே, முதல் வரியில், கம்பெனிச் செயலி. ஐம்பத்தெட்டு.

"இன்னைக்கு உங்களுக்கு லீவுதானேக்கா?"

"ஆமா."

"உங்க ஆபீஸ் ஆப் காலையிலேருந்து ஓடிக்கிட்டே இருக்கு."

"எங்க ஓடுது?"

"நீங்க போற இடத்துக்கெல்லாம். எங்க இருக்கீங்கன்னு நிமிஷத்துக்கு ஒரு தரம் பாத்து அனுப்புது."

நாத்தனார் வாயைப் பொத்திக்கொண்டாள். "எங்க அண்ணன் கூட அண்ணியை இவ்ளோ தேடினதில்ல!"

"நிறுத்த முடியாதா?" என்று கேட்டாள் மீட்டரக்கா.

அந்தப் பெண் ஒரு இடத்தில் தொட்டு நிறுத்தினாள். மறுகணமே சிவப்பு எழுத்தில் ஒரு கட்டம் எழுந்து வந்தது. இருப்பிட அனுமதி இல்லாவிட்டால் வருகைப் பதிவு செல்லாது. அந்தப் பெண் அதைச் சத்தமாகப் படித்துக் காட்டினாள். பிறகு மீட்டரக்காவே ஒரு விரலால் பழையபடி திறந்துவிட்டாள்.

"அப்ப எவ்ளோ ஊத்தினாலும் அது குடிக்கும்."

"குடிக்கும்க்கா. பெரிய டேங்க், சிக்கனமான சிப்பு. அதுதான் வழி."

மீட்டரக்கா அவளை ஏற இறங்கப் பார்த்தாள். "நீ என்ன போன் வச்சிருக்கம்மா?"

அந்தப் பெண் தயங்கினாள். பிறகு சீருடைப் பையிலிருந்து தடிமனான ஒன்றை எடுத்தாள். ரப்பர் உறை போட்டு, செங்கல்லுக்குத் தம்பி மாதிரி இருந்தது. "இன்னைக்குக் காலைல சார்ஜ் போட்டேன். நாளைக்கு மத்தியானம் வரைக்கும் நிக்கும்."

"இதை ஏன் எங்களுக்குக் காட்டல?"

"இதுக்கு எங்களுக்குக் கமிஷன் இல்லக்கா."

"அதானே," என்றாள் நாத்தனார். "நான் வீட்டுக்கு எடுத்துட்டுப் போற வெங்காயத்தைக் கடையில பரப்பி வைக்கிறேனா என்ன?"

அந்த மாடல் கீழ்த்தட்டில், தூசியோடு இருந்தது. மீட்டரக்கா அதை லேசில் விடவில்லை. நாத்தனாரின் வளையலை மேசைக்கு அடியில் பிடிக்கச் சொல்லி, இருட்டில் படமெடுத்துப் பெரிதாக்கி, அதில் பொறித்த எழுத்து தெரிகிறதா என்று பார்த்தாள். தெரிந்தது. எத்தனை வருஷம் புது மென்பொருள் வரும் என்று அந்தப் பெண்ணே சொன்னாள். "நாலு வருஷம். இதைக் கேக்காம வாங்குறவங்கதான் அதிகம். அது நின்னு போச்சுன்னா ஒரு நாள் உங்க ஆபீஸ் ஆப்பே இந்தப் போன்ல வேலை செய்யாதுன்னு சொல்லிடும்." கவர் காலியானது. கண்ணாடி அடுத்த வருஷம்.

திங்கட்கிழமை காலை நெட்டையிடம் எல்லாவற்றையும் சொன்னாள். டேங்க், குழாய், சிப், முதல் வரி. அவன் தன் போனைத் திறந்து அந்தப் பக்கத்தைப் பார்த்தான். அறுபத்து மூன்று. "என் சோத்துல பங்கு கேக்காத குறைதான்," என்றான். "சம்பளம் வரட்டும்க்கா, அந்தச் செங்கல்லையே வாங்கிடுறேன்."

நாலு மணிக்கு நூற்றுப்பத்தாவது வீடு முடிந்தது. மீட்டரக்கா ஒரு மதில் நிழலில் உட்கார்ந்து செருப்பைக் கழற்றினாள். இரண்டு பாதமும் வெந்த மாதிரி இருந்தன. போனைப் பார்த்தாள். அறுபத்தொன்று. நம்பாமல் தள்ளிப் பிடித்து மறுபடியும் பார்த்தாள். அறுபத்தொன்றுதான். நாத்தனாருக்குச் சொல்ல வேண்டும் என்று நினைக்கும்போதே மணி அடித்தது. சூப்பர்வைசர்.

"சூப்பர்க்கா, புதுப் போனா? அறுபத்தொண்ணு இருக்கே."

"உங்களுக்கு எப்படி சார் தெரியும்?"

"எல்லாரோட சார்ஜும் இங்க ஸ்கிரீன்ல வரும்க்கா. நெட்டை போன் ரெண்டரைக்கு ஆஃப் ஆயிடுச்சு. அவருக்கு நாலாவது. மீதி நாப்பத்து மூணு வீடு உங்களுக்கு மாறியிருக்கு, இன்னைக்கே முடிச்சிருங்க."

"அதுக்குத் தனியா போடுவீங்களா சார்?"

"நூத்திப்பத்துங்கிறது கொறஞ்சபட்சம்தானேக்கா. சார்ஜ் இருக்கிறவங்க முடிச்சுக் குடுக்கணும். வேணாம்னு அழுத்தினீங்கன்னா உங்களுக்கு அரை நாள் விழுந்துடும்."

"காலு ரெண்டும் ஓஞ்சு போச்சு சார்."

உண்மையிலேயே தேடிப் பார்த்தவன் மாதிரி சொன்னான். "அது இங்க தெரியலையேக்கா."

பக்கத்துத் தெரு முனையில் நெட்டை ஒரு திண்டின்மேல் உட்கார்ந்திருந்தான். முழங்கால்களுக்கு நடுவே குழி மூடி தூக்கும் இரும்புக் கொக்கி. வீட்டுக்குப் போக வேண்டியவன், போகவில்லை.

"உங்களுக்கா வந்துச்சு?" என்றான்.

"எனக்குத்தான்."

அவன் எழுந்து முதல் வீட்டுக் குழி மூடியில் கொக்கியை மாட்டினான். "இந்தத் தெருவுல எல்லாம் வார்ப்பிரும்பு மூடிக்கா. உங்களால ஒத்தையா தூக்க முடியாது. ஏழாம் நம்பர்ல நாய் இருக்கு, பாத்துப் போகணும்." மூடி உறுமிக்கொண்டு நகர்ந்தது. அவள் படுப்பதற்கு முந்தானையை இடுப்பில் செருகினாள்.

"படுக்காதீங்க. என் கை எட்டும்."

உட்கார்ந்த இடத்திலிருந்தே கையை உள்ளே விட்டு, தேங்கியிருந்த தண்ணீரை ஒதுக்கி, கண்ணாடியைத் துடைத்தான். தண்ணீர் திரும்பி வராமல் உள்ளங்கையால் அணைகட்டிப் பிடித்துக்கொண்டான். அவள் குனிந்து படமெடுத்தாள். ஃபிளாஷ் குழி முழுவதையும் வெளிச்சமாக்கியது. ஆறு இலக்கமும் பளிச்சென்று விழுந்தன. ஆனால் படம் ஏறியதற்கான பச்சை வரவில்லை. ஏதோ எழுத்து வந்தது.

"என்னக்கா சொல்லுது?"

கைநீளத்துக்குத் தள்ளிப் பிடித்தும் அவளுக்குப் படிக்க வரவில்லை. போனை அவன் பக்கம் திருப்பினாள். அவன் படித்தான்.

"படத்தில் கை தெரிகிறது. கையை அகற்றிவிட்டு மீண்டும் எடுக்கவும்."

நெட்டை கையை வெளியே எடுத்தான். சேற்றைக் கால்சட்டையில் துடைத்து, கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு, குழியை விட்டு இரண்டடி தள்ளி நின்றான். தண்ணீர் மெல்ல மீட்டரின் மேல் திரும்பிப் பரவுவதற்குள் அவள் அவசரமாக அழுத்தினாள். பச்சை விழுந்தது.