மடிப்புக்கு அந்தப் பக்கம்

கிட்டே வந்து உட்காருங்கள், கண்ணுகளா. இன்னும் கொஞ்சம் கிட்டே. உரக்கச் சொல்கிற கதை இல்லை இது. ஒரு தையற்காரி படகு கட்டிய கதை. பயம் வந்தால் பக்கத்தில் இருப்பவர் கையைப் பிடித்துக்கொள்ளுங்கள், தப்பில்லை.

அவள் புருஷனுக்குக் கடைசல் பட்டறையில் வேலை. சொந்தக் கையால் ஒரு படகு கட்ட வேண்டும் என்பது அவன் நெடுநாள் ஆசை. வரைபடம் வாங்கினான். பலகை வாங்கிப் பின்னறையில் அடுக்கினான். "தண்ணி எப்படியிருக்குன்னு பாத்துட்டு வந்துடறேன்" என்று சொல்லிவிட்டு, யாரிடமோ இரவல் படகு வாங்கி ஏரிக்குள் போனான். படகு மட்டும் கரை ஒதுங்கியது. ஆள் கிடைக்கவே இல்லை.

ஆனால் "வந்துடறேன்" என்று சொன்னவன் அல்லவா? சொன்ன சொல் தவறாதவன். வந்துவிட்டான்.

முதலில் பலகை அடுக்கிலிருந்து சத்தம். டொக், டொக். பட்டப்பகலில், தையல் மெஷின் ஓடும்போது. மெஷினை நிறுத்தினால் அதுவும் நிற்கும். அப்புறம் பின்னறைத் தரையில் ஈரம். மழையும் இல்லை, கூரையில் ஒழுகலும் இல்லை. துடைத்த துணியை மோந்தால் பாசி வாசம்.

"எலியா இருக்கும் அண்ணி" என்றாள் கூட இருந்த நாத்தனார்.

"எலி குளிச்சுட்டா வருது?"

அவளுக்குப் புரிந்துவிட்டது. படகு முடியாமல் அவன் போகமாட்டான். முடிந்தால் போய்விடுவான். இரண்டும் அவளுக்குப் பயமாகத்தான் இருந்தது. ஆனாலும் நனைந்த காலோடு ஒரு மனுஷனை எத்தனை காலம் நிற்க வைப்பது? ரம்பத்தை எடுத்தாள்.

வரைபடத்தை விரித்தால் எது தலை எது கால் என்றே விளங்கவில்லை. பக்கவாட்டில் பார்த்த படம் ஒன்று, மேலிருந்து பார்த்த படம் ஒன்று. மேலிருந்து பார்த்ததில் நீளமாக ஒரு புள்ளிக்கோடு. அதற்கு ஒரு பக்கம்தான் படகு, மறுபக்கம் வெறும் தாள். மீதியை வரையச் சோம்பல்பட்டிருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டாள். ஓரத்தில் ஒவ்வொரு குறுக்குச் சட்டத்துக்கும் அகலம் எண்ணில் இருந்தது. எண் என்றால் அவளுக்குத் தண்ணீர் பட்ட பாடு. ஊர் இடுப்பையும் மார்பையும் டேப்பில் பிடித்தவள். அளவெடு, பாதியாக்கு, துணியை மடி, வெட்டு. யோசிக்காமல் கை செய்யும் வேலை. இங்கேயும் கை யோசிக்கவில்லை. எண்ணைப் பாதியாக்கி, நடுவிலிருந்து இந்தப் பக்கம் பாதி, அந்தப் பக்கம் பாதி என்று சட்டங்களை அறுத்துச் சேர்த்தாள்.

வரிசையாக நிறுத்தியதும், பார்க்க வந்த நாத்தனார் கதவருகிலேயே நின்றுவிட்டாள்.

"அண்ணி, இதுல உக்கார முடியாது. ஒரு ஆள் படுக்கத்தான் முடியும்."

சொன்னவளுக்கே அப்புறம்தான் உறைத்தது. தையற்காரி டேப்பை எடுத்து நடுச்சட்டத்தில் வைத்துப் பார்த்தாள். அவள் எத்தனை சட்டை தைத்த தோள் அது! இம்மி பிசகாமல் அவன் தோள் அகலம்.

அன்றைக்கு மெஷினை நிறுத்தியும் டொக் டொக் நிற்கவில்லை.

"என்னதான் வேணும் உங்களுக்கு?" என்று அடுக்கைப் பார்த்துக் கத்தினாள். "நீங்க இதுல படுத்துக்கணுமா, இல்ல என்னைப் படுக்க வைக்கணுமா?"

சத்தம் அடங்கியது.

விடிந்து அறையைத் திறந்தால், சுருட்டி வைத்த வரைபடம் மேசைமேல் மடித்துக் கிடந்தது. புருஷன் அதில் ஒரு மடிப்பு விழ விடமாட்டான்.

"நீ மடிச்சியா?"

"நான் எதுக்கு அண்ணி தொடப்போறேன்? தொட்டா கையை ஒடிப்பேன்னு அண்ணன் சொல்லியிருக்காரே!"

புள்ளிக்கோட்டின் மேலேயே மடிப்பு. நகத்தால் நீவிய மடிப்பு, ஓரமெல்லாம் ஈரம். மடிப்பை ஒட்டிப் பாதிப் படகு கிடந்தது, மடித்த துணிமேல் சட்டை முதுகு வெட்டும் காகிதம் கிடப்பதுபோல.

அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. எண்ணெல்லாம் மடிப்பிலிருந்து எடுத்த எண்! அங்கே இருப்பதே பாதி அளவு. பாதியை மறுபடியும் பாதியாக்கி வைத்திருக்கிறாள். அவள் துணி மடிப்பதை வருஷக்கணக்காகப் பார்த்துக்கொண்டிருந்தவன், அவள் தொழில் பாஷையிலேயே சொல்லிவிட்டான்.

"இதை முன்னாடியே சொல்லித் தொலைச்சிருந்தா இவ்வளவு பலகை வீணாகியிருக்குமா?" என்று திட்டினாள். திட்டிக்கொண்டே அழுதாள்.

புதிதாக அறுத்தாள். இந்த முறை ஒவ்வொரு எண்ணையும் மடிப்புக்கு இந்தப் பக்கம் முழுசாக, அந்தப் பக்கம் முழுசாக வைத்தாள். வயிறு அகன்ற, கண்ணுக்கு நிறைவான படகு எழுந்தது. நீளப் பலகையை ஒரு முனையில் அவள் பிடிப்பாள். மறுமுனை தொங்கியதே இல்லை.

ஒரு மத்தியானம் படகை ஏரியில் இறக்கினார்கள். நாத்தனார் கரையில் நின்றாள். தையற்காரி வேண்டுமென்றே நடுவில் உட்காராமல் ஓரமாக உட்கார்ந்தாள். படகு அவள் பக்கம் சாய வேண்டும். சாயவில்லை. மட்டமாக மிதந்தது. மடிப்புக்கு அந்தப் பக்கமும் ஒரு பாரம் இருந்தது.

நடு ஏரியில் துடுப்பை நிறுத்தினாள். யாரையும் "போங்க" என்று மொட்டையாக அனுப்ப நமக்கு வாய் வராது. "போயிட்டு வாங்க" என்றுதான் வரும். அந்த "வாங்க" அவளுக்கும் நாக்கு நுனிவரை வந்தது. விழுங்கினாள்.

"போங்க" என்றாள். "படகு நல்லா வந்திருக்கு. போங்க."

படகு மெல்ல மெல்ல அவள் பக்கம் சாய்ந்தது. கொஞ்ச நேரம் சாய்ந்தபடியே இருந்தாள். பிறகு நகர்ந்து நடுவில் உட்கார்ந்து, கரையைப் பார்த்துத் துடுப்புப் போட்டாள்.

அவ்வளவுதான், கண்ணுகளா. உங்கள் வீட்டில் "வந்துடறேன்" என்று சொல்லிக் கிளம்புகிறவர்களெல்லாம் காய்ந்த காலோடு வந்து சேரட்டும். ஈரம் என்பது உங்கள் கொடியில் உலரும் துணியில் மட்டும் இருக்கட்டும்.