நீலம் பாய்ந்த எருக்குழி

"புழுதானே அண்ணி, என்னமோ ஆள் செத்துட்ட மாதிரி..."

"பீப்பாவைக் கவுத்தது யாருன்னு கேட்டேன். செத்தது என்னன்னு எனக்குத் தெரியும்."

"கை தவறிடுச்சுன்னு..."

"ஒரு பீப்பா மருந்து தோப்புலேர்ந்து மேடேறி, தொழுவத்தைச் சுத்தி வந்து, என் குழியில தவறுமா?"

கஜானனன் வேட்டி நுனியால் கையைத் துடைத்துக்கொண்டான். நீலம் போகவில்லை. மழைக்காலத்தில் பாக்குக் குலை அழுகாமலிருக்க நீல மயில்துத்தமும் சுண்ணாம்பும் கரைத்துத் தெளிப்பது சிர்சிப் பக்கத்துத் தோப்புகளில் எங்கும் உண்டு. மிச்சத்தைப் பாதையோரப் பாறையில் ஊற்றுவார்கள், எருக்குழிப் பக்கம் கொண்டுபோக மாட்டார்கள். பூசணத்தைக் கொல்கிற மருந்து புழுவை மட்டும் விட்டுவைக்குமா என்ன.

நாகவேணி இன்னும் தோண்டிக்கொண்டிருந்தாள். நேற்றுவரை ஒரு பிடி எடுத்தால் விரலிடுக்கில் வழிந்த மண்புழுக்கள் இன்று அறுந்த நூல்களாய்க் கிடந்தன. பிள்ளையில்லாமல் புருஷன் சுப்ராயன் போய்ச் சேர்ந்த பிறகு அவளுக்கு அந்த வீட்டில் இருந்த இடம் இந்தக் குழிதான். காட்டுத்தழையை மாடுகளுக்குக் கீழே பரப்பி, சாணியும் மூத்திரமும் ஊறியதை வாரிக் கொட்டி, பலாச்சடையும் வாழைமட்டையும் போட்டு மூடிவைப்பாள். திறக்கும்போது காப்பிப்பொடி மாதிரி உதிரும். தோப்பு இப்படிப் பச்சை கறுத்து நிற்பது அண்ணியின் கைராசி என்று விருந்துக்கு வந்தவர்கள் சொல்லும்போதெல்லாம் கஜானனன் இலையைப் பார்த்துக் குனிந்துகொள்வான்.

அடுக்களையிலிருந்து அவன் மனைவி சாவித்திரி குரல் கொடுத்தாள். "அக்கா, மூட்டை உரம் நாளைக்கு வந்துடும். இனிமே உங்களுக்கு எதுக்கு இந்தச் சாணி வேலை. ஹூப்ளில உங்க தம்பி வீட்டுல காலை நீட்டிட்டு டிவி பாருங்க."

"ஓ, மூட்டைக்குச் சொல்லியாச்சா?" என்றாள் நாகவேணி. "அப்போ கை தவறல. நல்லாவே குறி பார்த்திருக்கு."

மண்வெட்டியைக் குழியோரம் சாய்த்துவைத்தாள்.

"அவர் திதி முடியட்டும், போறேன்."

அதை மட்டும் அவர்களால் மறுக்க முடியவில்லை.

திதியில் சாப்பிட்ட இலையை நாய் இழுக்கக் கூடாது, எருக்குழியில் புதைக்க வேண்டும் என்பது அந்த வீட்டு வழக்கம். இலை மக்கினால்தான் சோறு போனவருக்குப் போய்ச் சேர்ந்தது என்று மாமியார் இருந்தவரை சொல்லிக்கொண்டிருந்தாள். கஜானனனே இலைகளைச் சுருட்டி எடுத்துப்போய்க் குழியில் போட்டு, தழை தள்ளி மூடி, கால் கழுவிக்கொண்டு வந்தான். வருடாவருடம் செய்கிற வேலை, யோசிக்கவில்லை. நாகவேணி பார்த்துக்கொண்டுதான் நின்றாள். தடுக்கவில்லை. மழை பிடித்துக்கொண்டது, பயணமும் தள்ளிப்போனது.

விடாத மழை. கதவு நிலையில் காளான் முளைத்தது, கழற்றிவைத்த செருப்பில் பூசணம் பூத்தது. மழை வெறித்த காலையில் நாகவேணி பெட்டியை வாசலில் கொண்டுவந்து வைத்துவிட்டு, கொழுந்தனைத் தொழுவத்துப் பக்கம் கூப்பிட்டாள். மண்வெட்டியால் தழையை விலக்கினாள். சுருட்டிப் போட்ட இலை, கொஞ்சம் வதங்கி, ஓரங்களில் நீலம் படர்ந்து, நரம்பு விடாமல் அப்படியே விரிந்தது. உள்ளே சோறு பருக்கை பருக்கையாக இருந்தது. ஒரு ஈ இல்லை.

கஜானனன் பூணூலைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

"இதையும் நானே ஹூப்ளிக்கு எடுத்துட்டுப் போகணுமா கஜானனா, இல்ல உன் அண்ணன் இங்கயே பசியோட கெடக்கட்டுமா?"